ஒரு மணி நேரத்தில் ஒன்பது

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு முத்து என்று பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று கவுன்டரில் யாரோ கேட்டதிலிருந்து அப்படி. வாயில் இருந்தது முத்தில்லை, புண். பதினோரு வருஷமாக மாதம் தவறாமல் வருகிறது. சொந்தக்காரர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

காலை ஏழிலிருந்து பேர் கூப்பிடுகிற வேலை. ஒவ்வொரு பேருக்கும் நாக்கு பல்லில் உரசும், உயிர் போய்த் திரும்பும். பேசாமல் செய்கிற உள்வேலைக்கு மாற்றும்படி, கூடத்தை நடத்தும் டாக்டரிடம் எழுதிக் கொடுத்தாள்.

"ஈஎஸ்ஆர் பார்த்துட்டு வாம்மா. அழற்சி இருந்தா நம்பர் காட்டிக் கொடுத்துடும், கையெழுத்துப் போடுறேன்" என்றார். வீட்டில் புருஷனும் நம்பர் வரட்டும் என்றான்.

ஈஎஸ்ஆர் பெரிய வித்தையில்லை. நீளக் குழாயில் ரத்தத்தை நேராக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்ப்பது. அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும், இருபதைத் தாண்டும். உள்ளே வேலை பார்க்கும் அண்ணன்தான் அவளுடையதை வைத்தார். நாற்பத்தொன்று வந்தது.

சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. பிறகு அதே ஸ்டாண்டில் இருந்த மற்ற ஐந்து பேரின் சீட்டுகளைப் பார்த்தாள். ஐந்தும் நாற்பதைத் தொட்டிருந்தன. அதில் ஒருவன் வேலையில் சேரச் சான்றிதழுக்கு வந்தவன், கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு. குனிந்து பார்த்தாள். ஸ்டாண்டின் ஒரு காலுக்கடியில் மடித்த அட்டை. குழாய் சாய்ந்தால் ரத்தம் சறுக்கிக்கொண்டு இறங்கும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம்.

"அண்ணே?"

"உனக்காகத்தாம்மா. மத்தவங்க குழாயும் அதுலதான் இருக்குன்னு தோணவே இல்ல."

அட்டையை உருவினாள். மிச்ச ரத்தத்தில் ஆறையும் புதிதாக வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் நகராமல் உட்கார்ந்தாள். அவளுடையது ஒன்பது. அந்த ரத்தத்தின் மேல் வந்த கோபம் புருஷன் மேல்கூட அவளுக்கு வந்ததில்லை. ஒன்பது என்றே எழுதினாள்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "நார்மல்தானேம்மா. அப்புறம் என்ன வலி?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முதல் சொல்லிலேயே கண்ணில் தண்ணீர் முட்டியது. சொல்லை விட்டுவிட்டாள், வாயை மட்டும் மூடவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் டாக்டர் டார்ச்சை எடுத்தார்.

"ஒண்ணு, ரெண்டு..." ஏழில் நிறுத்தினார். இன்னொரு கையால் மாற்றல் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இத முன்னாடியே காட்டியிருக்கலாமேம்மா?"

பதினோரு வருஷத்தில் கையை நீட்டச் சொன்னவர்கள்தான் உண்டு, வாயைத் திறக்கச் சொன்னவர் ஒருவருமில்லை. அதைச் சொல்லத்தான் நினைத்தாள். டார்ச் இன்னும் வாய்க்கு நேரே இருந்தது.