அண்ணையின் கல்லறை எந்த ஊரில்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் பிரான்ஸ் வரைபடத்தை விரித்து வைத்து நானும் மகளும் பயணத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து நகரமான ஓகூஸில் படிக்கும் அவள் சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு வருவாள். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், கணவர் ஒரு வெயர்ஹவுஸில். லண்டன் கலியாணங்களுக்குத் தவிர நாங்கள் மூவரும் சேர்ந்து எங்கும் தூரம் போனதில்லை.

பிரான்ஸின் மேற்கு மூலையில் உள்ள பிரிட்டனிக் கரையை மகள்தான் கண்டுபிடித்தாள். பாறைகள், கலங்கரை விளக்குகள், சின்னச் சின்ன மீன்பிடித் துறைமுகங்கள். ஊர்ச்சபைகளே நடத்தும் கூடார முகாம்களில் செலவு குறைவு, செப்டம்பரில் இன்னும் குறைவு. கூடாரத்தை என்னோடு வேலை செய்பவரிடம் இரவல் கேட்டிருந்தேன். முதல் இரவு பெல்ஜியத்தில் சித்தியின் மகள் வீட்டில். காரில் ரைஸ் குக்கர், மிளகாய்த்தூள், பருப்பு, ரின்னில் அடைத்த மீன். கடையில் ஒரு வேளை கூடச் சாப்பிடுவதில்லை என்று முடிவு.

இதில் எனக்கு மட்டும் தெரிந்த இன்னொரு திட்டமும் இருந்தது. கணவரின் அண்ணை எங்கள் கலியாணத்துக்கு முன்பே பிரான்ஸில் காய்ச்சலில் இறந்தவர். பாதிரியார் வந்து முறையாக அடக்கம் செய்ததாகக் கணவர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் அவருக்குப் பூசை ஒப்புக்கொடுப்பது நான்தான். ஆனால் கலியாணமாகி இருபத்தாறு வருடங்களில் அந்தக் கல்லறையை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. இந்தப் பயணத்தில் பார்த்துவிடலாம், அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

மூன்றரை மணிக்குக் கணவர் வேலையால் வந்தார். சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, அண்ணையின்ர கல்லறை எந்த ஊரிலை? பேரைச் சொன்னால் போற வழியிலை ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டுப் போவம்."

அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கல்லறை இல்லை" என்றார்.

"எடுத்துப் போட்டாங்களோ?" இங்கும் கல்லறைக்குக் காசு கட்டிய தவணை முடிந்தால் கல்லை எடுத்துவிடுவார்கள்.

"எடுக்கேல்லை. ஒரு நாளும் இருக்கேல்லை." பிரிட்டனியின் வடக்குக் கரையில் விரலை வைத்தார். "இஞ்சைதான் கடல் கொண்டுபோனது."

விமானத்தில் நேராக டென்மார்க்குக்கு வந்ததாகத்தான் அவர் என்னிடம் சொல்லியிருந்தார். உண்மையில் அண்ணனும் தம்பியுமாகக் கடதாசி எதுவும் இல்லாமல் அந்தக் கரையில் ஒரு மீன்பிடிப் படகில் வேலை செய்திருக்கிறார்கள். மன்னார்ப் பெடியள், வலை பிடிக்கத் தெரியும். ஒரு மாரிக்காலத்தில் வலைக் கயிறு அண்ணையின் காலைச் சுற்றிக் கடலுக்குள் இழுத்துவிட்டது. பொழுதுபடும் வரை படகைச் சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறார்கள். பொலிசுக்குப் போனால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று படகுக்காரன் சொல்ல, இவர் பயந்து இங்கே வந்துவிட்டார்.

"ஏன் ஊருக்குக் காய்ச்சல் எண்டு எழுதினனீங்கள்?" என்று கேட்டேன்.

"உடம்பு கிடைக்கேல்லை எண்டால் அம்மா அவர் வருவார் வருவார் எண்டு வாசலையே பாத்துக்கொண்டிருப்பா."

அதைக் கேட்டதும்தான் கோபம் வந்தது. அவருடைய அம்மா, என் மாமி, சாகக் கிடந்தபோது மன்னாரிலிருந்து போனில் என்னிடம் கேட்டா: "பிள்ளை, அவன்ர கல்லறையைச் சுத்தி புல்லு வெட்டிறவையோ?" நான், "ஓம் மாமி, வடிவா வைச்சிருக்கினமாம்" என்றேன். அப்போது இவர் என் பக்கத்திலேயே இருந்தார். சாகிற மனுசிக்கு என் வாயால் பொய் சொல்ல வைத்துவிட்டார்.

மகள் டேனிஷில் கேட்டாள், எங்களுக்காவது சொல்லியிருக்கலாமே என்று. அவர் தமிழில் பதில் சொன்னார்: "உனக்கு எத்தினை வயசிலை சொல்லுறது, பிள்ளை?"

நான் வரைபடத்தை மடித்துவிட்டேன். பத்து நாட்கள் தேவையானதை மட்டும் கதைத்தோம். பதினோராம் நாள் காலை அவரே அதை எடுத்து விரித்தார்.

"போவம். அந்த ஊருக்கே போவம்."

"எனக்கு இன்னும் கோபம் போகேல்லை."

"தெரியும். கோபத்தோடையே வாரும்."

போனோம். செப்டம்பரில் ஒரு மத்தியானம் அந்தத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே கடலைக் காணவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறும் பாறையும். படகுகள் எல்லாம் சேற்றில் ஒரு பக்கம் சரிந்து கிடந்தன. ஹோர்சன்ஸில் நிலத்துக்குள் நீண்டு வரும் எங்கள் ஃபியோர்டுக் கடலில் தண்ணீர் ஏறி இறங்குவதே தெரியாது. மகள் பயந்து என் கையைப் பிடித்தாள். கணவர் மட்டும் அதிசயப்படவில்லை.

"வத்தின கடல் திரும்பி வரும். அஞ்சாறு மணித்தியாலம் செல்லும்" என்றார்.

கல்மதிலில் ஏறி இருந்து பாணும் மீனும் சாப்பிட்டுக் காத்திருந்தோம். முதலில் தண்ணீர் நூல் நூலாக வந்தது. பிறகு பார்த்துக்கொண்டிருக்கவே படகுகள் நிமிர்ந்தன. கணவர் படிகளில் இறங்கி, தண்ணீரில் கையை வைத்து, "அண்ணை" என்று கூப்பிட்டார். ஒரு தடவைதான். பிறகு செபம் சொன்னார். பாசி வழுக்கும் என்று நான் பின்னால் போய் அவருடைய ஜக்கெட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை முகாம் அலுவலகத்தில் இன்னொரு அதிர்ச்சி. அங்கிருந்த மனுசியோடு இவர் பிரெஞ்சில் கதைத்தார். தட்டித் தடவித்தான், ஆனால் விடாமல். இருபத்தாறு வருடத்தில் ஒரு பிரெஞ்சுச் சொல் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மனுசி எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மேட்டிலிருந்த கோயிலைக் காட்டினா.

கடலில் காணாமற்போனவர்களின் பெயர்ப் பலகைகள் அந்தக் கோயில் சுவர் முழுக்க இருந்தன. ஒரு பலகை வைக்கப் பாதிரியார் சம்மதித்தார். அண்ணையின் பெயரை இவர் தமிழில் எழுதிக் கொடுத்தார். பிரெஞ்சில் எப்படி எழுதுவது என்று மகளும் பாதிரியாரும் நெடுநேரம் கதைத்தார்கள்.

திரும்பி வரும் வழியில் பெல்ஜிய எல்லைக்குக் கிட்டக் கேட்டேன், அந்த மனுசியிடம் என்ன சொன்னீர்கள் என்று.

"என்ர அண்ணை இஞ்சை இருக்கிறார், நான் இவ்வளவு காலமும் வரேல்லை எண்டு சொன்னன்" என்றார்.