வாலுக்கு எந்த நீலம்

மனைவி போன பிறகு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எல்லோருக்கும் கவலை. சாப்பிட்டேன், தூங்கினேன், மோட்டார் போட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினேன், ரேஷன் கடையில் வரிசையில் நின்றேன். வளைகுடாவிலிருந்து அடித்துப் பிடித்து வந்து, ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தபோதுகூட, பெட்டிக்கு வெள்ளை அடித்தவன் இரண்டாவது கோட் கொடுக்காமல் ஏமாற்றியிருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. மச்சினன் தோளைப் பிடித்து உலுக்கினான். "அழுதுருங்க மச்சான், உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டா ஆகாது" என்றான். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வைத்துக்கொள்வதற்கு.

பெயிண்ட் கண்ணில் பட்டதற்குக் காரணம் உண்டு. என் பிழைப்பே அதுதான். வளைகுடாவில் ஒரு விமானக் கம்பெனியின் கொட்டகையில் விமானங்களுக்குப் பெயிண்ட் அடித்தேன். பழைய பெயிண்ட்டை உரிப்பது, தேய்ப்பது, காகிதம் ஒட்டி மறைப்பது, பிறகு முகமூடி போட்டுக்கொண்டு அடிப்பது. லீவில் வரும்போதெல்லாம் திருவரங்குளம் கடைத்தெருவில் யாராவது, "பிளேனுக்கு ஏணி வச்சா அடிப்பீங்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஆமாம், மூங்கில் ஏணி, கறம்பக்குடி சந்தையில் வாங்கினது என்பேன்.

காரியம் முடிந்ததும் நான் திரும்பிப் போகவில்லை. வீட்டில் நானும் மகளும்தான். அவள் புதுக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் ஸ்கூட்டியில் போவாள், சாயங்காலம் வருவாள். "சோறு இருக்கு." "கேட்டப் பூட்டிருங்க." இதற்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் இங்கே இல்லை. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்பதே, அவளைச் சேர்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். லீவு கையெழுத்தாகி, டிக்கெட் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கோபம் என்று நினைத்தேன். நியாயமான கோபம். இனி இந்தப் பெண்ணும் என்னிடம் பேசப் போவதில்லை, இப்படியே ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்துவிடப் போகிறோம் என்று பட்டது. அதற்குக்கூட எனக்கு வருத்தம் வரவில்லை என்பதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஒருநாள் கூரியரில் ஒரு அட்டைப் பெட்டி வந்தது. அவள்தான் வரவழைத்திருந்தாள். அதை என் முன்னால் வைத்துவிட்டு, "சும்மா செவத்தையே பாத்துக்கிட்டு ஒக்காராதீங்க. இதச் செய்ங்க" என்றாள். விமானம் செய்கிற பெட்டி. உடம்பு இரண்டு பாதி, இறக்கைகள், சக்கரங்கள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்துக் கிடந்தன. நான் வேலை பார்த்த கம்பெனியின் விமானம். நான் போய் வந்ததும் அதில்தான். அறைக்குள் போகப் போனவள் நின்று, "கலரு மட்டும் சரியா இருக்கணும்" என்றாள்.

கலரைப் பற்றி என்னிடமா சொல்கிறாய் என்று கொஞ்சம் ரோஷம் வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த ரோஷம். மறுநாளே அறுத்து, தேய்த்து, ஒட்டி, ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு விமானத்தை நிறுத்திவிட்டேன். பிறகுதான் பெயிண்ட். பெட்டிக்குள் இருந்த காகிதம் ஏதோ வெளிநாட்டு டப்பாக்களின் எண்களைச் சொன்னது. புதுக்கோட்டைக் கடையில் அந்த எண்ணைச் சொன்னால், "சார், வீட்டுக்கு உள்ளயா வெளியயா?" என்று கேட்டார்கள். சிறு குப்பிகளில் வெள்ளை, கறுப்பு, நீலம், கொஞ்சம் பச்சை, கொஞ்சம் சிவப்பு வாங்கி வந்தேன். மளிகைக் கடையில் ஐஸ்கிரீம் கரண்டி ஒரு கட்டு. பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் அடித்துப் பார்த்தால் விமானத்தின் வளைவில் நிறம் எப்படி நிற்கும் என்று தெரிந்துவிடும்.

வயிற்றுப் பக்கம் சாம்பல். இறக்கை வேறு சாம்பல், அதன் நடுப்பகுதி இன்னும் அழுத்தமான சாம்பல். இறக்கையின் முன்விளிம்புக்குப் பெயிண்டே கிடையாது, வெறும் உலோகம். தெரியாதவன் எல்லாவற்றையும் ஒரே சாம்பலில் அடித்துவிட்டு விமானம் என்பான். எனக்கு இதெல்லாம் கையிலேயே இருந்தது. மனசு எங்கோ கிடந்தாலும் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. வால்தான் பாக்கி. வால் நீலம். கொட்டகையில் அதற்கென்று ஒரு மாதிரித் தகடு உண்டு. ஒவ்வொரு முறையும் புதிதாக அடித்ததை அந்தத் தகட்டோடு வைத்து, விளக்கடியில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். அந்த நீலம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எனக்குத் தெரியும். லேசாகப் பச்சை ஓடும், ஒரு சிட்டிகை கறுப்பு இருக்கும். கலந்தேன். கரண்டியில் அடித்தேன். அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளிடம் நீட்டினேன். பார்த்தாள்.

"இது இல்லப்பா."

"வெளியில வெயில்ல வச்சுப் பாரு."

வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தாள். "இது ரொம்ப அடர்த்தி. இப்படி இருக்காது."

கைப்பேசியில் படத்தை எடுத்துக் காட்டினேன். அவள் கைப்பேசியிலும் அதே படத்தைத் திறந்தாள். என்னுடையதில் ஒரு நீலம், அவளுடையதில் வேறு நீலம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த வால இந்தக் கையால தேச்சு, இந்தக் கையால அடிச்சவன் நான். நீ போட்டாவுல பாத்துட்டு எனக்குச் சொல்றியா?" என்றேன். குரல் ஏறிப் போனது எனக்கே வேடிக்கையாக இருந்தது. மனைவி செத்ததற்குக் குரல் ஏறாதவன், ஐஸ்கிரீம் கரண்டிக்குக் கத்துகிறேன்.

"நான் போட்டாவுல பாக்கல. நேராத்தான் பாத்தேன்" என்றாள்.

"எங்க பாத்தே? நீ பிளேன் ஏறினதே இல்லையே."

"வேலிகிட்ட நின்னு."

எந்த வேலி என்று எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் திருச்சி ஏர்போர்ட் புதுக்கோட்டைச் சாலையிலேயே வந்துவிடும். ஒவ்வொரு முறையும் மனைவியும் மகளும் வழியனுப்ப வருவார்கள். வாசலில் பெட்டியை இறக்கியதும், "நிக்காதீங்க, பஸ்ஸு போயிரும், கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். பயணம் கிளம்புகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு. அவர்களும் பஸ் ஏறிப் போயிருப்பார்கள் என்றே எல்லா வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போனதே இல்லையாம். சாலையோரமாக நடந்து, கம்பிவேலி தெரிகிற இடத்துக்குப் போய், விமானம் மேலே ஏறுகிறவரை நிற்பார்களாம்.

"எவ்வளவு நேரமானாலும் அம்மா நகராது. நீலவாலு, நீலவாலுன்னு பாத்துக்கிட்டே நிக்கும். அது இவ்வளவு அடர்த்தியா இருக்காதுப்பா."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. நார்த்தாமலைக் குன்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் கருங்கல். அதே குன்றை பஸ்ஸிலிருந்து பார்த்தால் வெளிறிப்போய் இருக்கும். நடுவில் இருக்கிற காற்றும் தூசியும் நிறத்தைக் குடித்துவிடும். ஒன்றரைச் சாண் விமானம் என்பது தூரத்தில் நிற்கிற விமானம்தானே. தகட்டில் உள்ள நீலம் கையால் தொடுகிறவனுக்கு உள்ளது. வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கு என்ன நீலம் என்பதைக் கொட்டகையில் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நானும் யோசித்ததில்லை.

ஒரு சொட்டு வெள்ளை சேர்த்தேன். இல்லை என்றாள். இன்னொரு சொட்டு. இல்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். மேஜை நிறைய நீலக் கரண்டிகள். அடுப்பில் அரிசி வைத்ததையே மறந்துவிட்டாள், கஞ்சி பொங்கிய வாசனை வந்தபிறகு ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தாள். கடைசியில் ஒரு கரண்டியை எடுத்துக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதான்."

எனக்குத் திருப்தியாக இருந்தது. தூரிகையை எடுத்தேன்.

"ஆனா கடைசித் தடவை இப்படித் தெரியல" என்றாள்.

அவள் குரலில் ஏதோ மாறியிருந்தது. தூரிகையைக் கீழே வைத்தேன்.

"கடைசித் தடவை நாங்க வேலிகிட்ட போகல. அம்மாவால நடக்க முடியல. காலு ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு. நீங்க பாத்துரக் கூடாதுன்னு சேலைய எறக்கிக் கட்டியிருந்துச்சு. ரோட்டுக்கு அங்கிட்டு மரத்தடியில ஒக்கார வச்சேன். நீங்க மெசேஜ் போட்டீங்க, பிளைட்டு லேட்டு, ரெண்டு மணி நேரம் ஆகும்னு."

போட்டிருந்தேன். உள்ளே குளுகுளுவென்று உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே போட்டேன்.

"அம்மாட்ட அதச் சொல்லல. சொன்னா ரெண்டு மணி நேரமும் ஒக்காந்தே இருக்கும். மூச்சு வேற வாங்குச்சு. அப்பத்தான் வேற ஏதோ ஒரு பிளேன் கெளம்புச்சு. அம்மா, 'இதுலதான் போறாகளா?'ன்னு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன். அதுக்குக் கண்ணும் மங்கிப்போயிருந்துச்சு. 'வாலு நீலந்தானே?'ன்னு கேட்டுச்சு. நீலந்தாம்மான்னேன். கையத் தூக்கிக் காட்டுச்சு. அது மறையிற வரைக்கும் காட்டுச்சு. அப்பறம் ஆட்டோ புடிச்சுக் கூட்டியாந்துட்டேன்."

"அந்த வால் என்ன நெறம்?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"நான் பாக்கலப்பா. அம்மா மொகத்தத்தான் பாத்தேன்."

பிறகு, "அம்மாவ ஏமாத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். இத்தனை நாள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டைப் பூட்டச் சொன்னது இதனால்தான். என் மேல் கோபம் எதுவும் இல்லை. அவள் இதை வைத்துக்கொண்டு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னைச் சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறாள்.

"நீ செஞ்சது சரிதான் பாப்பா. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றேன்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு வலி வந்தது. வெகுநேரம் மடக்கி வைத்து மரத்துப்போன காலை நீட்டினால், முதலில் சுருக் சுருக்கென்று குத்துமே, அது மாதிரி. என் மனைவி செத்துவிட்டாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வீங்கின காலை மறைத்துக்கொண்டு, யாரோ போன விமானத்துக்குக் கை காட்டிவிட்டு வீட்டுக்குப் போனவள் செத்துவிட்டாள். ரொம்பப் பிடிக்கும் எனக்கு அவளை. அதை யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும்.

மகள் முகம் கழுவிக்கொண்டு வந்து, எந்த நீலம் அடிக்கலாம் என்று கேட்டாள். வேலி நீலமே இருக்கட்டும் என்றேன். அம்மா நன்றாகப் பார்த்தது அதைத்தான். அடித்தேன். ஓரம் கொஞ்சம் வழிந்தது, கொட்டகையில் என்றால் திட்டு விழுந்திருக்கும். காய்ந்த பிறகு ஜன்னல் வரிசையை ஒட்ட வேண்டும். தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி எடுத்து ஒட்டுகிற ஸ்டிக்கர், தலைமுடி நுனி அளவுக்குக் கட்டம் கட்டமாக ஜன்னல்கள். அதை மகள்தான் ஒட்டினாள். பஞ்சால் நீரை ஒற்றி எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா ஒரு ஜன்னல் விடாமப் பாத்துக் கை காட்டும். எந்த ஜன்னல்லன்னு தெரியலையேன்னு சொல்லும். நீங்க எந்தப் பக்கம்பா ஒக்காருவீங்க?"

இறக்கைக்குப் பின்னால், வலது பக்கம் ஒரு ஜன்னலைத் தொட்டுக் காட்டினேன். "இதான். எப்பவும் இதத்தான் கேட்டு வாங்குவேன்" என்றேன். அவள் குனிந்து அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கேட்டு வாங்கியது எப்போதும் நடைபாதை ஓரத்து சீட். காலை நீட்டிக்கொள்ளலாம் என்று.