மில் பார்க்கக் கிளம்பிய அங்கம்மாள்

எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை செய்யும் அங்கம்மாள், பதின்மூன்று வயதில் சொந்தக்காரர் ஒருவரை நம்பி மில் வேலைக்குப் போய், வெளியே வர முடியாமல் அடைபட்டுக் கிடந்தவர். அதனால்தான், மழை பொய்த்து நொடித்துப்போன ரங்கனின் மகள் சுகன்யாவை மில்லுக்கு அழைத்துப் போக ரங்கனின் பங்காளியே வேன் கொண்டுவந்த அன்று, பக்கத்து வீட்டுப் பெண்களோடு அவரும் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“நீங்கெல்லாம் எதுக்குங்க?” என்றார் பங்காளி.

“கட்டிக் குடுக்கறதுன்னா மாப்பிள்ளை ஊட்டைப் போய்ப் பாக்கறோமல்ல? மில்லையும் பாத்துப்போட்டு வாரோம். வண்டிய எடுங்க சாமி” என்றார் அங்கம்மாள்.

“உள்ள உடமாட்டாங்க.”

“எங்களையே உள்ள உடாத எடம், புள்ளைய எப்படி வெளிய உடும்?”

அதைக் கேட்ட ரங்கன், வேனிலிருந்து மகளின் பையை இறக்கினார். சுகன்யா வீட்டுக்குள் போகும்வரை அங்கம்மாள் வேனைவிட்டு இறங்கவில்லை.