ஹலோவீனுக்கு நான் சொன்ன இரண்டு பதில்கள்

கார்டெரி, அதாவது சின்னப் பிள்ளைகள் பராமரிப்பு நிலைய வேலை என்றால் மூக்குத் துடைப்பதும் சப்பாத்து மாட்டிவிடுவதும் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது காலையும் மாலையும் வாசலில் நின்று பெற்றோருக்குப் பதில் சொல்லுகிற வேலை. பிள்ளை ஏன் சாப்பிடவில்லை, கையில் கடித்தது யார், மற்றக் கையுறை எங்கே போனது? என்னைப் போலவே சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிச் சம்பாதிக்கிற சகோதரிகளே, உங்களுக்கு இதையெல்லாம் நான் விளக்கத் தேவையில்லை.

கனடாவின் மொன்றியலில், பியர்பொன்ட்ஸ் பக்கம் ஒரு கார்டெரியில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். நான்கு வயதுப் பிள்ளைகள் என் பொறுப்பு. அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒக்டோபர் பிறந்தால் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தவர்கள் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: மாத முடிவில் வருகிற பேய் வேஷ விழாவான ஹலோவீனுக்குப் பிள்ளையை வேஷம் போட்டு அனுப்பலாமா? எங்கள் போதகர் கூடாது என்கிறார். கார்டெரி நிர்வாகி மனோன் ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது என்கிறாள். நடுவில் நான். வாயைத் திறந்த நேரங்களில் என்ன நடந்தது என்று இங்கே எழுதுகிறேன். பெருமைப்பட ஒன்றும் இல்லை.

பூனைக் காது

நேசன் புதிதாக இறக்குமதியான ஆள். வந்து எட்டு மாதம். அவர் மகள் ரூத் என் அறையில் இருந்தாள். "அக்கா, எங்களுக்கு இந்த நாட்டு வழக்கம் ஒண்டும் தெரியாது. நீங்கள் சொல்லுறதுதான் எங்களுக்கு" என்றார். யாராவது அப்படிச் சொன்னால் எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துவிடும். பேய்க்கும் பிசாசுக்கும் விசுவாசிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு சின்னப் பிரசங்கமே வைத்து அனுப்பினேன்.

அன்றைக்கு ரூத் சாதாரண நீலக் கம்பளிச் சட்டையோடு வந்தாள். பிள்ளைகள் வரிசையாக நடைபாதையைச் சுற்றி ஊர்வலம் போகிற நேரம் அவளோடு இருக்க ஆள் இல்லை. அவளைக் கொண்டுபோய்ப் பால்குடிப் பிள்ளைகளின் அறையில் விட்டேன். நானேதான் விட்டேன். நான்கு வயதுப் பிள்ளை, தவழுகிற குழந்தைகளுக்கு நடுவே யாருடைய பால் போத்தலையோ பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தபடி இருந்தாள்.

நேசன் அன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டார். மகளைக் கண்டார். பிறகு என்னைக் கண்டார். மனோன் காலையிலேயே எனக்கு ஒரு பூனைக் காது மாட்டி, கன்னத்தில் பக்கத்துக்கு மூன்று மீசை மயிரும் கீறிவிட்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கோபிக்கவில்லை. ரூத்தின் ஜக்கெட் சிப்பை இழுத்துவிட்டு, நிமிர்ந்து மெதுவாகக் கேட்டார்: "பூனை எண்டால் பாவமில்லையோ அக்கா?"

துவாய் ஆட்டுக்குட்டி

அடுத்த வருடம் மேரி என்று ஒரு பிள்ளை. தாய் கத்தோலிக்கர், தகப்பன் பெந்தெகொஸ்தே. தாய் போடலாம் என்கிறார், தகப்பன் கூடாது என்கிறார். இரண்டு கிழமையாக அந்த வீட்டில் பேச்சுவார்த்தை. கடைசியில் வெள்ளைக் குளியல் துவாயை வெட்டித் தைத்து, பஞ்சு ஒட்டி, பிள்ளையை ஆட்டுக்குட்டியாக அனுப்பியிருந்தார்கள். வேதத்தில் உள்ள விலங்கு. தகப்பனுக்கு ஆட்சேபம் இல்லை. மேரியோ ஊர்வலம் முழுக்கத் தன்னை ஓநாய் என்று சொல்லி ஊளையிட்டுக்கொண்டே போனாள்.

பின்னேரம் அதைத் தாயிடம் சொல்லி நான் வாய்விட்டுச் சிரித்தேன். துவாயையும் கொஞ்சம் பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. பஞ்சு உதிர்ந்த இடத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் தோக்காமல் இருக்கிறதுக்கு நாங்கள் கண்டுபிடிச்ச வழி இது, அக்கா. நீங்கள் சிரியுங்கோ."

விளக்கணைத்த வீடு

எங்கள் வீட்டில் முடிவு எப்போதும் ஒன்றுதான். வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருகிற பிள்ளைகள் மணி அடிக்காமல் இருக்க, ஹலோவீன் அன்று பின்னேரம் ஐந்தரைக்கே வாசல் விளக்கை அணைத்துவிடுவோம். என் கணவர் நிலக்கீழ் அறைக்குப் போய்விடுவார். ஒரு முறை நான் குசினியிலிருந்து தண்ணீரோடு வருகிற நேரம் வாசலில் சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. யோசிக்காமல் சோபாவுக்குப் பின்னால் குந்திவிட்டேன். மணி மூன்று தரம் அடித்தது. ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் நோவு, கையில் தண்ணீர்க் கோப்பை.

மறுநாள் காலை பிள்ளைகள் வட்டமாக இருந்தபோது, எங்கள் தெருவிலேயே இருக்கிற கமில் கையை உயர்த்தினாள். பெற்றோர் இரண்டு மூன்று பேர் இன்னும் வாசலில் நின்றார்கள். மனோனும் நின்றாள். கமில் பிரெஞ்சில் என் பேரைச் சொல்லி, மிகுந்த பாராட்டோடு எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "எமில்டா, நேற்று நீ நல்லா ஒளிச்சாய். ஆனா உன்ர கால் யன்னலால தெரிஞ்சது."

கறுப்புத் தொப்பி

இதுவரை சொன்னது வெட்கம். இனிச் சொல்லப்போவதற்கு வேறு சொல் வேண்டும்.

சுகந்தி எங்கள் சபை. சாப்பாட்டுத் தொழிற்சாலையில் வேலை. கணவர் பெரிய லொறி ஓட்டுகிறவர். இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். மகள் அனிஷா என் அறைக்கு வந்து இரண்டு மாதமாகியும் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சூனியக்காரித் தொப்பி கேட்டு அழுகிறாள் என்று சுகந்தி ஒரு நாள் காலை வாசலில் நின்று கேட்டார். "பிழையோ அக்கா? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் தனிய முடிவெடுக்கிற ஆள்."

மனோன் என் பக்கத்தில் நின்றாள். தமிழ் தெரியாவிட்டாலும் ஹலோவீன் என்ற சொல் அவளுக்கு விளங்கும். நேசன் விஷயத்துக்குப் பிறகு அவள் என்னை இரண்டு தரம் அலுவலக அறைக்குக் கூப்பிட்டுக் கதைத்திருந்தாள். நான் சிரித்துக்கொண்டு, "ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. இது விளையாட்டு. நான் சொல்லுறன், போட்டு விடும்" என்றேன். அதையே பிரெஞ்சில் மனோனுக்கும் சொன்னேன். அவள் என் தோளைத் தட்டினாள்.

அனிஷா மட்டையில் செய்த தொப்பியோடு வந்தாள். பத்து மணிக்குக் கதிரையில் ஏறி நின்று, அழகான பிரெஞ்சில் மந்திரம் சொல்லி மனோனைத் தவளையாக்கினாள். மனோன் தத்தித் தத்திப் பாய்ந்தாள். அறை முழுக்கச் சிரிப்பு. இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளையின் குரலை அன்றுதான் கேட்டோம். பின்னேரம் சொன்னபோது சுகந்திக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்கள் சொன்னபடியால்தான் துணிஞ்சனான், அக்கா."

ஆமென்

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம். என்னைத் தவிரப் பதினைந்து பேர் வட்டமாக இருந்தார்கள். சுகந்திக்குப் பின்னேர வேலை, வரவில்லை. போதகரின் மனைவி கவலையோடு கேட்டார்: "எங்கட சபைப் பிள்ளையள் ஆராவது இந்த முறை வேஷம் போட்டவையோ?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். போட்டவை, நான்தான் போடச் சொன்னேன் என்றும் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "சுகந்தியின்ர பிள்ளை. சூனியக்காரி வேஷம்."

பேர் சொல்லி ஜெபித்தார்கள். அந்த வீட்டின் இருள் நீங்க வேண்டும் என்று ஜெபித்தார்கள். முடிவில் ஆமென் சொன்னவர்களில் என் குரல்தான் உரத்துக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கதை பரவிவிட்டது. கிறிஸ்து பிறப்பைக் காட்டும் நத்தார் நாடகத்தில் தேவதூதர் கூட்டத்தில் நிற்க இருந்த அனிஷாவை, இந்த வருடம் இருக்கட்டும் என்று எடுத்துவிட்டார்கள். ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி சுகந்தியை நிறுத்தி, யார் இந்தப் புத்தி சொன்னது என்று கேட்டார். சுகந்தி என்னை ஒரு தரம் பார்த்தார். "நானாத்தான் முடிவெடுத்தனான்" என்றார்.

கோட்டு மாட்டுகிற இடத்தில் தலையைக் குனிந்து என் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். சுகந்தி மகளுக்குக் கம்பளித் தொப்பி போட்டுவிட்டு, கிட்ட வந்து காதோடு சொன்னார்: "பயப்படாதேங்கோ அக்கா. உங்கட பேரை நான் சொல்லேல்லை."

ரொக்ஸ்பரோவில் ஒரு தேநீர்

அதன்பிறகு சுகந்தி சபைக்கு வரவில்லை. கார்டெரிக்குப் பிள்ளையை விட வரும்போது காலை வணக்கம் சொல்வார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். அனிஷா அடுத்த செப்டம்பரில் பள்ளிக்கூடம் போய்விட்டாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அதையும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் மறுபடி ஒக்டோபர் வந்தது. ஒரு புதுத் தாய் வாசலில் என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்" என்று தொடங்கினார். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பினேன்.

அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறி ரொக்ஸ்பரோவில் சுகந்தி வீட்டு மணியை அடித்தேன். உள்ளே கூப்பிட்டுத் தேநீர் ஊற்றினார். அனிஷா மேல்மாடியில் யாரோடோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்: மனோனுக்குப் பயந்து உமக்கு ஒரு பதில், சபைக்குப் பயந்து அவர்களுக்கு இன்னொரு பதில். மன்னித்துவிடும்.

சுகந்தி கோப்பையின் விளிம்பை விரலால் சுற்றினார். "அவள் நத்தார் முடியும்வரை கேட்டவள், நான் ஏன் தேவதூதர் இல்லை எண்டு. நான் என்ன பதில் சொல்லுறது?" என்றார். தேநீர் ஆறிப்போனது. நான் எழும்பியபோது கதவுவரை வந்தார். "நான் மன்னிச்சிட்டன் அக்கா. ஆனா அண்டைக்கு அந்த வட்டத்திலை இருந்தது நான் இல்லையே. அவையளுக்குச் சொல்லுங்கோ."

பதினைந்து பேர்

சொல்ல மூன்று வெள்ளிக்கிழமை எடுத்தது. முதல் கிழமை தடிமன், காய்ச்சல் என்று போகவில்லை. இரண்டாம் கிழமை போயும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் கிழமை, போன வருடம் இருந்த அதே பதினைந்து பேர் முன்னால், விண்ணப்பங்கள் சொல்லுகிற நேரம் எழுந்து நின்றேன். போன வருடம் நீங்கள் ஜெபித்த பிள்ளைக்கு வேஷம் போடச் சொன்னது நான். அதை மறைத்துத் தாயின் பேரைச் சொன்னதும் நான். அந்தத் தாய் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றேன். இடையில் தண்ணீர் குடித்தேன்.

யாராவது திட்டுவார்கள் என்று நினைத்தேன். யாராவது கட்டிப்பிடித்து அழுவார்கள் என்றும் உள்ளூர ஆசைப்பட்டேன். இரண்டும் நடக்கவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒருவர் வேதப் புத்தகத்தின் நாடாவை இழுத்து நேராக்கினார். அந்தப் பதினைந்து பேருக்கும் அன்றைய ஆமெனில் பங்கிருந்தது என்பது அப்போதுதான் அவர்கள் முகத்தில் எனக்குத் தெரிந்தது. போதகரின் மனைவி தன் குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதப்போய், எழுதாமல், பக்கத்தைத் திருப்பினார். "சரி. அடுத்த ஜெபக் குறிப்பு என்ன?"

ஹலோவீனுக்கு வேஷம் போடலாமா கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, கேட்கிறவர்களிடம் தெரியாது என்றே சொல்கிறேன், பதினான்கு வருடத்தில் இந்தக் கேள்விக்கு நான் பயப்படாமல் சொன்ன ஒரே பதில் அதுதான்.