எதிர்வீட்டுக் காறையில் பூத்த காஸ்மாஸ்

காஸ்மாஸ் விதைப் பாக்கெட்டை வாங்கியது நான். பாதியை என் வீட்டு முன்புறம் விதைத்துவிட்டு, மீதியை எதிர்வீட்டுக்காரிக்குக் கொடுத்ததும் நான்தான். எந்த நேரத்தில் கை நீட்டினேனோ!

ஆடித்தபசுத் திருவிழா பார்க்க வரவிருந்த என் வீட்டுக்காரரின் அக்காவிடம், "மைனி, இந்தத் தடவ வந்து பாருங்க, வாசல் பூரா பூவா நிக்கும்" என்று போனில் சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்காகச் செடியை ஊட்டி வளர்த்தேன். ஆட்டுப்புழுக்கை, கடலைப் புண்ணாக்கு, மீன் கழுவிய தண்ணீர். போதாதென்று கோயிலில் வாங்கிய புற்றுமண்ணையும் ஒரு சிட்டிகை தூரில் போட்டு வேண்டிக்கொண்டேன். மனுசருக்கு நோய் தீர்க்கிற மண், செடிக்கு ஆகாதா? செடி என் தோள் உயரம் வளர்ந்தது. பூ மட்டும் இல்லை.

எதிர்வீட்டுக்காரி, குளியலறையை இடித்துக் கட்டியபோது மிஞ்சிய காறையும் செங்கல் துண்டும் கிடந்த மூலையில் விதையை விசிறிவிட்டு மறந்தே போனாள். அங்கே முழங்கால் உயரச் செடியில் மஞ்சளும் ஆரஞ்சுமாய் அப்படி ஒரு பூ. காலையில் கோலம் போட வந்தால் என் கண் அங்கேதான் போகும்; புள்ளி தப்பும். சிலிண்டர் கொண்டுவரும் அண்ணாச்சி போனில் யாருக்கோ, "பூ வீட்டுக்கு எதுத்த வீடுல்லா" என்று என் வீட்டுக்கு அடையாளம் சொன்னார்.

"என்னக்கா, மாசமா இருக்கவளுக்கு ஊட்டுத மாதிரி ஊட்டுதிய! காயப் போட்டாத்தான் அது பூக்கும்" என்றாள் அவள்.

"விதை குடுத்தவளுக்கே பாடஞ் சொல்லுதியாட்டி?" சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். உள்ளே புகைந்தது.

தபசுக்கு இரண்டு நாள் முன்பு அடித்த காற்றில் என் செடிகள் மொத்தமும் படுத்துவிட்டன. அவளுடையவை ஆடிக்கொண்டு நின்றன.

மைனி ஆட்டோவிலிருந்து இறங்கி, பையை என்னிடம் நீட்டிவிட்டு நேரே எதிர்வாசலுக்குப் போய்விட்டார். பூவுக்குள் முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

"யாரு கைராசிம்மா இது?"

"எல்லாம் அக்கா குடுத்த விதைதான்" என்று என்னைக் காட்டினாள் அவள்.

அவள் பீற்றிக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். பெருமையை என்னிடம் தள்ளிவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

மைனியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் சாய்ந்த செடிகளைப் பிடுங்கிப் போட்டேன். ஒரு சட்டியுடன் எதிர்வீட்டில் போய் நின்றேன்.

"விதையாக்கா?"

"விதையும் குடு. அந்தக் காறையிலயும் கொஞ்சம் அள்ளிக் குடுட்டி."

விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டி நிறைய அவளே அள்ளிக் கொடுத்தாள். ஆனாலும், நல்ல காறையைத் தனக்கு வைத்துக்கொண்டாளோ என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது.