கறுப்புக் கம்பளி போட்ட அறை

அந்த அறையின் ஜன்னலில் ஒரு கறுப்புக் கம்பளியை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். வெளியே மைசூரின் பங்குனி வெயில். உள்ளே அந்திபோல இருட்டு. வெளிச்சம் பட்டாலும், ஒரு தட்டு கீழே விழுந்தாலும் படுத்திருக்கும் கர்ப்பிணிக்கு வலிப்பு வந்துவிடலாம் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். நாடு விடுதலையாகிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் புது நர்ஸ். என் அண்ணியை அங்கே படுக்கவைத்த நாளில்தான் அந்த இருட்டு என்னைப் பயமுறுத்தியது.

அண்ணி ஹனூர்ப் பக்கத்துப் பெண். சர்ச்சில் அவள் பாடினால் தெருமுனை வரை கேட்கும். தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். முகமும் காலும் வீங்கியபோது, "உண்டானவங்களுக்கு நீர் கோக்கறதுதானுங் அம்முணி" என்று சிரித்துத் தள்ளியவள், தலைவலி பொறுக்காமல்தான் வந்தாள். அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சினேன். தெளிவாக இருக்க வேண்டியது தயிராகத் திரண்டது. ரத்த அழுத்தக் கருவியில் ஏறிய பாதரசம் இறங்க மறுத்தது. மறுநாள் என் கண்ணெதிரே அவள் உடம்பு வில்லாக வளைந்து வெட்டி இழுத்தது. உதடு நீலம் பாரித்தது. துணி சுற்றிய கரண்டியைப் பல்லிடையே கொடுத்துப் பிடித்திருந்தேன். ஒரு ஜெபம்கூட நினைவுக்கு வரவில்லை.

இப்போது மாதந்தோறும் அழுத்தம் பார்க்கிறார்கள், முன்கூட்டியே மாத்திரை தருகிறார்கள். அன்று எங்களிடம் இருந்தவை ஊசியும் இருட்டும்தான். டாக்டரம்மா அண்ணனை வராந்தாவுக்கு அழைத்து, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "மருந்து வலிப்பைத் தள்ளிப்போடும், அஷ்டே, அவ்வளவுதான். பிள்ளை வெளியே வந்தாத்தான் தாய் பிழைப்பாள். பிள்ளைக்கும் உள்ளே ரத்தம் போதலை."

"எட்டாம் மாசப் பிள்ளை நிக்குமா டாக்டர்?" என்றான் அண்ணன். பிறகு அவனே சம்மதமென்று தலையசைத்தான்.

பனிக்குடத்தை உடைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண். பிறந்ததும் அழவில்லை, தேய்த்துத் தேய்த்துப் பார்த்தபின் கதவுக்கீல் முனகுவதுபோல ஒரு சத்தம். பஞ்சில் பொதிந்து, வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவே கிடத்தி, பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம்.

வலிப்பு நின்றது. இனிப் பயமில்லை என்று கம்பளியைக் கழற்றச் சொன்னார்கள். நானே கழற்றினேன். வெயில் கட்டில்மேல் கொட்டியது.

"அம்முணி," என்றாள் அண்ணி, "இன்னும் எதுக்கு இருட்டா வெச்சிருக்கீங்க? அந்தக் கம்பளியத்தான் எடுத்துப்போடேன்."

கம்பளி என் கையில் இருந்தது. அவள் கண்கள் வெயிலைப் பார்த்தபடி திறந்திருந்தன.

"பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும்" என்றார் டாக்டரம்மா. அந்தப் 'பெரும்பாலும்' என்னைத் தூங்கவிடவில்லை. அண்ணி அழவில்லை. பிள்ளையைக் கேட்டாள். மார்பில் வைத்தேன். நெற்றி, மூக்கு, விரல்கள் என்று தடவித் தடவிப் பார்த்தாள். பால் கொடுக்கும் வேளைகளிலெல்லாம் அப்படியே.

ஒரு காலையில், தூரத்துப் பொருளைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கினாள். மெல்ல என் முகத்தைக் கண்டுகொண்டாள். பிறகு மடியிலிருந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தாள்.

"இத்தனூண்டா அம்முணி?" என்றாள். "கைக்கு எவ்வளவு பெருசா இருந்தா!"