மருமகனுக்குத் தெரியாத நோன்பு

எனக்கு மூத்தவள், சுபைறா ராத்தாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை. எங்கள் கல்முனைப் பக்கம் மகளுக்குத்தான் வீட்டைக் கொடுப்போம். மருமகன் அங்கே வந்து இருப்பார். மச்சான் மௌத்தாகி விதவையான பிறகு ராத்தா மகள் நதீராவோடும் மருமகன் இஹ்ஸானோடும் இருந்தாள்.

மூன்று வருடமாக அவளுக்கு மாதத்தீட்டு வந்தால் லேசில் நிற்பதில்லை. பத்து நாள், பதினைந்து நாள் என்று போகும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "வயசு போற நேரம் அப்பிடித்தான் புள்ள" என்பாள். என்ன வயது? நாற்பத்துநாலு.

நோன்பு மாதத்தில் தீட்டு நாளிலாவது பகலில் தின்றாளா? அந்த நாட்களில் பெண்களுக்கு நோன்பே இல்லை. இவளோ விடியுமுன் ஸஹருக்கு எல்லோரோடும் எழும்பிச் சாப்பிட்டால், பொழுதுபட்டு மஃரிப் வரைக்கும் பச்சைத் தண்ணீர் தொடமாட்டாள்.

"மருமகன் ஊட்டுல இரிக்காரு நஸீறா. நான் பகல்ல திண்டா அவருக்கு வெளங்கிராதா?"

அவருக்கு வேறு வேலை இல்லை பாருங்கள், மாமியாரின் நாளை எண்ணிக்கொண்டிருக்க.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, பன்னிரண்டாம் நோன்பன்று குசினி அடுப்படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால், உடம்பில் இருக்க வேண்டிய இரத்தத்தில் பாதிதான். கருப்பையில் தேங்காயளவு கட்டி.

"மூணு வருசத்துக்கு முந்தி வந்திருந்தா மருந்தோட பாத்திருக்கலாம். இப்ப கருப்பையை எடுக்கத்தான் வேணும். அதுக்கு முதல் இரத்தம் ஏத்தணும்" என்றார் டொக்டர்.

ராத்தா என் கையைப் பிடித்தாள். "மருமகனுக்கு மட்டும் சொல்லாத."

சாகக் கிடக்கிறவளின் பேச்சைப் பாருங்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. வெளியே நின்ற இஹ்ஸானிடம் பட்டினி கிடந்த கதை உட்பட எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாமிக்கு நோன்பு புடிக்க ஏலாத நாளெண்டு எனக்குத் தெரியும் சின்ன மாமி. அதாலதான் நோன்பில பகல் லுஹருக்குப் பள்ளிவாசலுக்குப் போனா, பின்னேரம் அஸரும் தொழுதிட்டு வாறன். நான் இல்லாத நேரம் சாப்பிடட்டுமெண்டு."

அட அல்லாஹ்வே. மருமகன் பள்ளியிலேயே கிடக்கிறார், எவ்வளவு மார்க்கப் பேணுதலான பிள்ளை என்று நினைத்து, இவள் இன்னும் இறுக்கமாகப் பட்டினி கிடந்திருக்கிறாள். இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்கவைத்து ஏச வேண்டும் போலிருந்தது.

இரத்தம் இஹ்ஸான்தான் கொடுத்தார். கருப்பையை எடுத்தார்கள். நோன்பு முடிய மூன்று நாள் இருக்க ராத்தா வீட்டுக்கு வந்தாள். ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க்குடம் தூக்கக்கூடாது, வேளைக்கு வேளை சாப்பிட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். பொம்பிளைத்தனம் போயிற்று என்று துக்கம் விசாரிக்க வந்த இரண்டு பேரை நான் வாசல் படலையோடு திருப்பி அனுப்பினேன்.

அன்று பகல் இஹ்ஸான் பள்ளிக்குப் போகவில்லை. நோன்பு வாயோடு, சோறும் மீன் ஆணமும் போட்ட பீங்கானைத் தானே கொண்டுவந்து ராத்தாவின் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுங்க மாமி. நான் இஞ்சதான் இரிப்பன்."

ராத்தா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு சாப்பிட்டாள். தோள் குலுங்கியது. நதீராவும் அழுதாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்தப் பீங்கானை மூன்று வருடத்துக்கு முன்பே வைத்திருந்தால், அவள் அன்றைக்கே வெட்கத்தை விட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாள்.